போனை வாங்கிக் கொடுத்தவர்

கேள்வி: எனக்கு வயது 26. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வேலூரில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். போன வருடம் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. சில விஷயங்கள் ஒத்துவராமல், நாலாவது மாதம் இரண்டு வீட்டாரும் பேசி நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து ஏழு மாதமாக அவர் என்னை விடவில்லை. வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தால் இன்ஸ்டாகிராமில் வருகிறார். அங்கும் பிளாக் செய்தால் வேறு வேறு பெயரில் வருகிறார். எங்கள் நிச்சயதார்த்தப் படத்தைப் போட்டு என் பெயரிலேயே ஒரு கணக்கு தொடங்கி, கூட வேலை செய்கிறவர்களுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும்விடப் பயம் என்னவென்றால், நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிகிறது. வழக்கமாகப் பள்ளிகொண்டா வழி பஸ்ஸில் போவேன். ஒரு நாள் லத்தேரி, காட்பாடி வழியாகப் போனேன். கே.வி.குப்பம் தாண்டுவதற்குள் "இன்னா, இன்னிக்கி ரூட்டு மாறிட்ட?" என்று மெசேஜ். ஆள் வைத்துப் பின்தொடர்கிறாரா? அருவருப்பில் பாதி மெசேஜ்களை அழித்துவிட்டேன். செத்துவிடுவேன் என்று சொல்லும்போது மட்டும் பதில் போடுகிறேன். அப்பா நம்பரை மாற்றச் சொல்கிறார். போலீஸுக்குப் போனால் அடுத்த வரன் வராது என்கிறார் அம்மா. இந்தப் போன்கூட நிச்சயத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்ததுதான். பார்க்கவே பிடிக்கவில்லை, ஆனால் புதிது வாங்க இப்போது வசதியில்லை. என்ன செய்வது?

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் தபாலில், கையெழுத்தில் வந்தது. இப்போது எனக்கு அப்படிக் கடிதம் வருவது அபூர்வம். போனில் எழுத உங்களுக்குப் பயமாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பயம் சரியான பயம்தான். இந்தப் பதிலையும் அந்தப் போனில் படிக்காமல், உங்கள் தங்கையோ தோழியோ வைத்திருக்கும் போனில் படியுங்கள். (உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போன் அவர் வாங்கிக் கொடுத்தது என்று. எனக்கு முழுக் கடிதமும் அந்த வரியில்தான் இருக்கிறது. வேலூர் நீதிமன்றத்தில் பல வருடமாகப் பெண்களின் வழக்குகளை நடத்துகிறேன். "நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிகிறது" என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: போன் யார் வாங்கியது? ஜிமெயில் யார் ஆரம்பித்துக் கொடுத்தது? சிம் யார் பெயரில் இருக்கிறது?

நினைத்துப் பாருங்கள். புதுப் போனைக் கொடுத்த அன்று, "இரு, நான் செட் பண்ணித் தரேன்" என்று அவரே உட்கார்ந்து எல்லாம் செய்து கொடுத்திருப்பார். உங்களுக்கு ஒரு ஜிமெயில் தொடங்கி, பாஸ்வேர்டும் அவரே போட்டிருப்பார். அன்றைக்கு அது அக்கறையாகத் தெரிந்திருக்கும். யாருக்கும் அப்படித்தான் தெரியும், அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு அவர் கையில் இருந்தால், உங்கள் போன் இருக்கும் இடத்தை அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நீங்கள் எடுக்கும் படங்களும் சேமிக்கும் நம்பர்களும்கூட அவருக்குப் போய்ச் சேரலாம். இதற்கு ஆள் வைக்கத் தேவையில்லை. கே.வி.குப்பம் பஸ்ஸில் உங்களுக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு நாள் போனை ஆன் செய்தபடியே வீட்டில் வைத்துவிட்டு, அப்பாவையோ தம்பியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு வேறு வழியில் வேலைக்குப் போய் வாருங்கள். அவசரத்துக்கு அவர்களுடைய போன் இருக்கட்டும். அன்று அவருக்கு நீங்கள் போன இடம் தெரியவில்லை என்றால் வழி போன்தான். அன்றும் தெரிந்திருந்தால் மனிதர்கள் வழியாகப் போகிறது. முறிந்த நிச்சயங்களில் அதுவும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு அத்தை இருப்பார், உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, "பொண்ணு இன்னிக்கி ஸ்ரீபுரம் போயிருக்குது போல" என்று கள்ளமில்லாமல் சொல்லிவைப்பார். கொஞ்ச நாளைக்கு ஸ்டேட்டஸே வேண்டாம், அது போதும்.

போன்தான் என்று தெரிந்தால் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். கூகுள் மேப்ஸில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் 'லொகேஷன் ஷேரிங்' என்று வரும். அதில் யார் பெயராவது இருக்கிறதா? கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'யுவர் டிவைசஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. உங்களுடையது அல்லாத போனோ லேப்டாப்போ அதில் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய்ப் பாருங்கள். நீங்கள் இணைக்காத கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தால், உங்கள் வாட்ஸ்அப்பை இன்னொருவரும் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். போன் செட்டிங்ஸில் 'ஆக்ஸசபிலிட்டி' அனுமதி வாங்கியிருக்கும் செயலிகளில் உங்களுக்குத் தெரியாத பெயர் எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உளவு பார்க்கும் செயலிகள் பெரும்பாலும் அந்த அனுமதியைக் கேட்கும்.

இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். எதைக் கண்டுபிடித்தாலும் உடனே நீக்காதீர்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள். கோபத்தில் கை பரபரக்கும், தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் அவருடைய பெயரோ அவருடைய போனின் பெயரோ இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சாட்சி. நீக்கிய மறுநிமிடம் அது போய்விடும். உங்களை இனிப் பார்க்க முடியவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஏழு மாதமாகத் திறந்திருந்த கதவு திடீரென்று சாத்தப்பட்டால் இப்படிப்பட்டவர்கள் நேரில் வரத் துணிவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் தங்கை போனில் உங்கள் போனின் திரையைப் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. அப்புறம் புகார். அதன் பிறகுதான் துண்டிப்பது. துண்டிக்கும் வாரத்தில் தனியாகப் பயணம் வேண்டாம். லேபில் உங்கள் மேலாளருக்கும் வாசல் காவலருக்கும் அவருடைய படத்தைக் காட்டி, இவர் வந்தால் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

துண்டிப்பதை மட்டும் முழுசாகச் செய்ய வேண்டும். அந்த ஜிமெயிலையே விட்டுவிட்டு, நம்பகமான வேறொரு போனில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். வங்கி, ஆதார், வேலை இடம் எல்லாவற்றிலும் புது மின்னஞ்சலைக் கொடுத்த பிறகு, அந்தப் போனில் இருப்பது இனி சாட்சிக்குத் தேவையில்லை என்று போலீஸும் வழக்கறிஞரும் சொன்னால்தான் போனை ரீசெட் செய்ய வேண்டும். சிம்மும் அவர் பெயரில் இருந்தால் அது தனி ஆபத்து. அவரால் நகல் சிம் வாங்க முடியும், உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போய்விடும். அப்படியிருந்தால் உங்கள் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி, வங்கி நம்பரை முதலில் மாற்றுங்கள்.

மற்றபடி, அப்பா சொல்கிற மாதிரி நம்பரை மாற்றிவிட்டால் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பெற்றவர் மனசு அப்படித்தான் யோசிக்கும். ஆனால் ஜிமெயில் அவர் கையில் இருக்கும்வரை புது நம்பரும் அவருக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். சிம் உங்கள் பெயரில் இருந்தால் பழைய நம்பரை உயிரோடு வைத்திருங்கள். ஒரு பழைய போனில் அதைப் போட்டு அலமாரியில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தம்பியோ தங்கையோ எடுத்துப் பார்த்து, வந்ததைப் பதிந்துவைக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டாம். அவருடைய மெசேஜ்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அவை உங்கள் ராத்திரித் தூக்கத்துக்குள் வராமல், ஒரு கோப்புக்குள் போனால் சரி.

அழித்துவிட்டதை நினைத்து வருந்தாதீர்கள். ஆற்காடு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், தையல் வேலை செய்கிறவர். வந்ததையெல்லாம் அழித்திருந்தார், ஒரு மெசேஜ்கூட மிச்சமில்லை. எல்லாப் பக்கமும் பிளாக் செய்த பிறகு அந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? அவருடைய நம்பருக்கு யு.பி.ஐ.யில் ஒரு ரூபாய் அனுப்புவான், குறிப்பு எழுதும் இடத்தில் தான் சொல்ல நினைத்ததை எழுதுவான். பணம் அனுப்பும் செயலிகளைப் பிளாக் செய்ய அவருக்குத் தோன்றவில்லை, யாருக்குத்தான் தோன்றும். நான் பாஸ்புக்கைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். ஜாக்கெட் தைத்த கூலி 350, 400 என்று வரவுகளுக்கு நடுவில் 1.00, 1.00, 1.00 என்று பதினோரு வரி. சில நாளில் இரண்டு. ஒவ்வொன்றிலும் தேதி, அனுப்பியவர் பெயர். வங்கியே நாள் பிசகாமல் குறித்துவைத்திருந்தது. ஸ்டேஷனில் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகு யாரும் "லவ் மேட்டர்" என்று பேசவில்லை. நீங்களும் உங்கள் பாஸ்புக்கை ஒருமுறை பாருங்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு வந்த ரிக்வெஸ்ட் அவர்கள் போனில் இன்னும் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

இனி வருவதைப் பாதுகாக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எந்த வழியாக வந்தது, என்ன சொன்னார், அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள். லத்தேரி பஸ் நாளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாமல், நம்பரும் நேரமும் தெரியும்படி முழுசாக எடுங்கள். போலிக் கணக்கு என்றால் படம் மட்டும் போதாது, அந்தக் கணக்கின் லிங்க்கையும் காப்பி செய்து வையுங்கள். பெயரை அவர் நாளைக்கே மாற்றிவிடலாம். மெசேஜ்கள் வந்த அந்தப் போனையும் வழக்கு முடியும்வரை தொலைக்காமல், விற்காமல் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், பதில் போடுவது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இரக்கத்தில்தான் போடுகிறீர்கள். முப்பது மெசேஜுக்குப் பதில் இல்லை, முப்பத்தோராவதில் சாவு என்று எழுதினால் பதில் வருகிறது. அவர் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: விடாமல் அனுப்ப வேண்டும், சாவைப் பற்றி எழுத வேண்டும். இனி அப்படி ஒரு மெசேஜ் வந்தால் நீங்கள் பதில் போடாமல், உங்கள் அப்பாவை விட்டு அந்த ஆளின் அண்ணனிடமோ அப்பாவிடமோ உடனே சொல்லச் சொல்லுங்கள். அவசரம் என்று தோன்றினால் 112-க்கு அழைக்கச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்று அரசின் இலவச எண் இருக்கிறது, அதை அவர் வீட்டாரிடம் கொடுங்கள். அவர் உயிர் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால் அவருக்கு உதவி தேவை. அந்த உதவி நீங்கள் அல்ல.

ஆனால் ஒரே ஒரு மெசேஜ் நீங்கள் அனுப்பத்தான் வேண்டும், இதுவரை தெளிவாக அனுப்பியிருக்காவிட்டால். "எனக்கு உங்களோடு எந்தத் தொடர்பும் வேண்டாம். இனி எந்த வழியிலும் என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள்." அவ்வளவுதான். ப்ளீஸ், ஸாரி எதுவும் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். அனுப்பியதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதோடு நிறுத்திவிடுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2013-ல்தான் பெண்ணைப் பின்தொடர்வது நம் நாட்டில் தனிக் குற்றமானது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354டி என்ற பிரிவில். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது அதில் ஒரு வகை. அந்தத் தெளிவுக்குத்தான் உங்கள் மெசேஜ். அவள் இணையத்தையும் மற்ற மின்னணுத் தொடர்புகளையும் பயன்படுத்துவதைக் கண்காணிப்பது இன்னொரு வகை. உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. முதல் முறை தண்டிக்கப்பட்டால் 3 ஆண்டு வரை சிறை, மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. உங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்கும் உங்கள் பெயரில் கணக்கு தொடங்கியதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதல் முறை பின்தொடர்தல் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். புகார் கொடுத்தவுடன் அவரை மாதக்கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்ததும் பலர் அடங்கிவிடுகிறார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் நிறுத்து என்று சொன்னதில்லை.

புகாரை உங்கள் ஊர் ஸ்டேஷனிலோ மகளிர் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதிவுசெய்யலாம். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பலரும் தவறிப்போய் 1930-ஐ அழைக்கிறார்கள். அது பணம் பறிபோனால் அழைப்பதற்கு. உங்களுக்குப் பெண்கள் உதவி எண்ணான 181 சரியான எண்.

ஸ்டேஷனில் அநேகமாக ஒன்று நடக்கும். "கூப்பிட்டுப் பேசி, இனிமே செய்ய மாட்டேன்னு எழுதி வாங்கிடறோம்மா, எதுக்கு கேஸு?" என்பார்கள். நல்ல மனசோடுகூடச் சொல்வார்கள். ஏழு மாதம், அதோடு கண்காணிப்பு, போலிக் கணக்கு. இவ்வளவு இருக்கும்போது அந்தக் காகிதத்தோடு திரும்பி வர நான் சம்மதிக்க மாட்டேன். குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அந்தப் போலிக் கணக்கைப் பொறுத்தவரை, லிங்க்கைப் பதிந்துகொண்ட பிறகு இன்ஸ்டாகிராமிலேயே 'என்னைப்போல் நடிக்கிறார்' என்று ரிப்போர்ட் செய்யுங்கள். ஆள்மாறாட்டக் கணக்குக்கும் மார்ஃபிங் செய்த படத்துக்கும் சம்பந்தப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகளே கெடு வைத்துவிட்டன. கூட வேலை செய்கிறவர்களையும் ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு நான் என்ன சொல்ல? இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு நிச்சயம் நின்றால் அந்த வீட்டுத் தாய் படும் பாடு எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் யார் எதைக் கேட்பார்களோ என்று பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிடாமலேயே எழுந்து வருவார்கள். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இதை அவரிடம் மெதுவாகக் கேளுங்கள்: நாளைக்கு ஒரு வரன் வந்தால், அந்த மாப்பிள்ளையின் போனுக்கு முதலில் எது போக வேண்டும்? நம் வாயால் சொன்ன உண்மையா, இவர் போலிக் கணக்கிலிருந்து அனுப்பும் படமா? இப்படி ஒருவர் தொந்தரவு செய்தார், புகார் கொடுத்திருக்கிறோம், இதோ ரசீது என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் அவர் கையில் மிரட்ட ஒன்றும் மிஞ்சாது. அதைக் கேட்டுப் பின்வாங்கும் வீடு, அம்மா, நமக்கு வேண்டாம்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதை உரிமையாகவே தந்திருக்கிறது. 15100-க்கு அழைக்கலாம். இல்லையென்றால் சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒரு வேலை நாளில் அப்பாவையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு நேராகப் போகலாம். போகும்போது நோட்டு, பாஸ்புக், சார்ஜரோடு அந்தப் போன், தங்கை எடுத்த படங்கள் எல்லாம் இருக்கட்டும். போன் வந்த அட்டைப் பெட்டி வீட்டில் எங்காவது கிடக்கும், பரணில் தேடிப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் அந்தப் போனுக்கு மட்டுமே உரிய ஐ.எம்.இ.ஐ. எண் அச்சிட்டிருக்கும். உள்ளே கடை பில் இருந்தால் அதில் வாங்கியவர் பெயரும் தேதியும் இருக்கும். அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.